பாலாடையில் எதை ஊற்றினோம்?

பிள்ளைக்குப் பால் புகட்டும் எங்கள் வீட்டுப் பாலாடை வெள்ளி. அம்மாவின் தலைப்பிரசவத்துக்கு என் தாய்மாமன் செய்து போட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும், ஒரு பக்கம் அகல் விளக்கின் மூக்குபோல நீண்டு குவிந்திருக்கும். சிலர் சங்கு என்பார்கள், சிலர் சங்கடை என்பார்கள். வசதி குறைந்த வீடுகளில் பித்தளை இருந்தது, பிறகு எவர்சில்வர் வந்தது. நான் வளர்ந்து அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை வார்டில் நர்ஸாகச் சேர்ந்தபோது, அதே பாலாடை அங்கேயும் கொதிநீரில் கிடந்தது.

இந்தப் பாத்திரத்தின் பழைய கதை பெருமைக்குரியதல்ல. பிள்ளை பிறந்ததும் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீச்சிக் கீழே விட்டார்கள். அந்த இரண்டு மூன்று நாளும் பாலாடையில் போனது சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், தண்ணீர் கலந்த பசும்பால், உரைத்த வசம்பு. கொடுத்த விதமும் கொடுமை. காலை நீட்டிப் பிள்ளையை அதில் மல்லாக்கப் போட்டு, கன்னத்தை அழுத்தி, வாய்க்குள் கவிழ்ப்பார்கள். மூக்கைப் பிடிப்பவர்களும் உண்டு. மூச்சு வாங்க வாய் திறக்கும்போது உள்ளே போய்விடும் என்பது கணக்கு. நிறைமாதப் பிள்ளை இருமிச் சமாளித்தது. குறைமாதப் பிள்ளைக்குப் புரையேறினால் இருமவே தெம்பிருக்காது.

“ஏழாம் மாசம் தங்கும் தாயி, எட்டாம் மாசம் தங்காது” என்று வார்டு வாசலில் எத்தனையோ பாட்டிமார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இது நம்மூர் நம்பிக்கை மட்டுமல்ல. ஹிப்போகிரட்டிஸ் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இருக்கிறது. உண்மை இதற்கு நேரெதிர். கருப்பையில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் பிள்ளை பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டும். ஏறத்தாழ 34 வாரம் ஆகும்வரை உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்துச் செய்யப் பிள்ளைக்கு வராது. மார்பில் போட்டால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிப்போகும். வீட்டார் அதைத் தாயின் குறையாகப் பார்த்தார்கள். ‘பால் பத்தலை’ என்ற அந்த ஒரு சொல்லோடு மாவுப்பால் டின் வீட்டுக்குள் வந்தது.

இந்தக் கதை திரும்பியதில் நம் நாட்டு மருத்துவர்களுக்கும் பங்குண்டு. எடை குறைந்த குழந்தைகளுக்குப் பீச்சிய தாய்ப்பாலை ஒரு பகுதி உணவாகக் கொடுத்தாலே தொற்று குறைகிறது என்று டெல்லியில் இந்திரா நாராயணனும் சக மருத்துவர்களும் கண்டதை 1980-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. பிரிட்டனில் ஆலன் லூக்காஸ் குழுவினர் 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து 1990-இல் எழுதினார்கள்: மாவுப்பால் மட்டுமே குடித்தவர்களுக்கு, தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்களைவிடக் குடல் அழுகும் நோய் 6 முதல் 10 மடங்கு அதிகம். 1992-இல் அதே குழு இன்னொன்றையும் சொன்னது. தாயின் பாலைப் பெற்ற குறைமாதக் குழந்தைகள் ஏழரை, எட்டு வயதில் அறிவுத்திறன் சோதனையில் மற்றவர்களைவிட முந்தியிருந்தார்கள். அவர்கள் மார்பில் குடித்தவர்கள் அல்லர். ட்யூப் வழியாகப் பால் போனவர்கள். என்னை மிகவும் அசைத்த ஆய்வு இதுதான். எந்த வழியாகப் போனாலும் அது தாயின் பால்.

அதே 1992-இல் மாவுப்பாலையும் பால்புட்டியையும் விளம்பரப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் வந்தது. புட்டிக்கு இடமில்லாத வார்டுகளில் ட்யூபுக்கும் மார்புக்கும் நடுவில் ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. கழுவ எளிது, மூலைமுடுக்கு இல்லை, கொதிக்க வைத்தாலும் ஒன்றும் ஆகாது. பாட்டிமாரின் பாலாடைதான் அந்த இடத்துக்கு வந்தது.

ஆனால் கொடுக்கும் முறையை அடியோடு மாற்றினோம். பிள்ளையைத் துணியில் சுற்றி, தலையைக் கையில் தாங்கி, பாதி உட்கார்ந்தாற்போல் வைத்துக்கொள்ள வேண்டும். பாலாடையின் மூக்கைக் கடைவாயில் லேசாக வைத்து, சில சொட்டு விட்டு, தொண்டை அசைகிறதா என்று பார்க்க வேண்டும். விழுங்கிய பிறகே அடுத்தது. “ஊத்தாதீங்க பாட்டி, அவன் முழுங்கட்டும்” என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்போம்.

முதல் நாள் தாய் பீச்சிக்கொண்டு வருவது கிண்ணத்தின் அடியில் ஒட்டிய மஞ்சள் துளிகளாக இருக்கும். அதை நீட்டவே கூசுவார்கள். குறைமாதத்தில் பெற்றவளின் பாலில் முதல் சில வாரங்களுக்குப் புரதம் கூடுதலாக இருக்கும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியதும் அதுதான். இதைச் சொன்ன பிறகு அவர்கள் முகம் மாறும். இரண்டு மூன்று மணிக்கொரு தரம், இரவிலும், விடாமல் பீச்சினால் பால் ஏறும். பிள்ளையின் எடை முதலில் இறங்கும். பிறந்த எடைக்குத் திரும்ப இரண்டு வாரம்கூட ஆகும். அதன்பிறகு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 கிராம் அளவில் ஏறினால் எங்களுக்கு நிம்மதி. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரே தொடங்கிவைத்த கங்காரு முறைப்படி, தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகக் கிடக்கும் பிள்ளைக்கு உடல் சூடும் நிற்கும், தாய்க்குப் பாலும் ஊறும்.

தாய்க்கு முடியாதபோது பிற தாய்மாரின் பால் உதவுகிறது. 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு அது 2014-இல் வந்தது. இவ்வளவு தாமதமாக வந்ததில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

குறைமாதப் பேரனையோ பேத்தியையோ வீட்டுக்குக் கூட்டி வரும் பாட்டிமாருக்கு ஒன்று சொல்வேன். பாலாடையை நன்றாகக் கொதிக்க வையுங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தைக் கொடுங்கள். அது போகத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட, வேண்டாம். பிள்ளை மார்பில் நன்றாக இழுத்துக் குடித்து எடையும் ஏறத் தொடங்கினால் பாலாடையை நிறுத்திவிடலாம். சந்தேகம் வந்தால் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள். மருமகளிடம் மட்டும் ‘பால் பத்தலை’ என்று சொல்லிவிடாதீர்கள்.