பித்து வேடமும் சென்னை மனநோய் மருத்துவமனையும்

தண்டனையிலிருந்தோ வேலையிலிருந்தோ தப்பவும் வேறு ஆதாயம் பெறவும் மனநோய் உள்ளவர்போல் நடிப்பது பித்து வேடம் எனப்படும். உள்ள நோயை மிகைப்படுத்திக் காட்டுவதும் இதில் அடங்கும். தமிழ் இலக்கியத்துக்கு இத்தகைய வேடம் புதிதன்று. உஞ்சை நகரில் சிறைப்பட்ட உதயணனை மீட்க, அமைச்சன் யூகி நோயுற்றவன் உருவில் தோன்றியதை மணிமேகலை உவமையாக எடுத்தாள்கிறது. காப்பியத்தில் அது மதியூகம். சிறைச்சாலையிலோ அது பெருங்குற்றம்.

1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, மனநலக் கேட்டால் தன் செயலின் தன்மையை அறிய முடியாதவரைக் குற்றவாளியாகக் கொள்ளவில்லை. எனவே நோய் மெய்யா, நடிப்பா என்று மருத்துவர் சொல்ல வேண்டியதாயிற்று. நடிப்பவர் ஆள் பார்க்கும்போது அதிகம் ஆடுவார், தனிமையில் ஓய்வார், இரவில் அயர்ந்து உறங்குவார் என்று சட்ட மருத்துவ நூல்கள் கற்பித்தன. பல நாள் பொறுமையாகக் கவனித்தால்தான் இது தெரியும். அந்தப் பொறுமை எல்லாச் சிறையிலும் இருக்கவில்லை.

அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் 1909-இல் தூக்குத் தண்டனை பெற்று, பின்னர் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர் உல்லாஸ்கர் தத். செக்கிழுத்தும் செங்கல் சூளையில் உழைத்தும் நலிந்த அவர், 1912-இல் ஒருநாள் இனி வேலை செய்வதில்லை என்று மறுத்தார். கைவிலங்கிட்டு நிற்க வைத்தார்கள். கடுங்காய்ச்சலில் அவருக்குச் சித்தம் கலங்கியது. அதிகாரிகள் அதை நடிப்பென்று ஐயுற்றனர் என உடனிருந்த கைதிகளின் நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. தம் உடலில் மின்கலத்தால் மின்சாரம் பாய்ச்சப்பட்டதை அவரே பின்னாளில் எழுதினார். இதைச் சோதனை என்பதைவிடச் சித்திரவதை என்பதே பொருத்தம். இந்திய மனநோயாளர் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1912-இல்தான்!

அந்தமானிலிருந்து அவர் சென்னை மனநோய் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். 1794-இல் தொடங்கிய அம்மருத்துவமனை 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கியது. மேற்கே அம்பத்தூரும் ஆவடியும் அப்போது ஏரியும் வயலுமாக இருந்தன. இன்று அம்பத்தூர்ப் பேருந்துகளில் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று கேலி பேசுவோரில் எத்தனை பேர் இந்தக் கைதியை அறிவர்?

1920-இல் விடுதலையான உல்லாஸ்கர், சிறை வாழ்வைப் பற்றி நூல் எழுதினார். தமக்கு நேர்ந்த மனக்குழப்பத்தை அதில் அவர் மறைக்கவில்லை. 1965-இல் தம் 80-ஆவது வயதில் காலமானார்.