போர்ஷன் வீடும் சட்டமும்



1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. பின்னாலேயே ஒரகடம் வரை ஆலைகள். நம் வீடுகளில் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் வாடகை அறைகள் எழுந்தன. வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் ஒரே வாசல், ஒரே மோட்டார். உங்களில் சிலர் வாடகை வாங்குகிறீர்கள், சிலர் கொடுக்கிறீர்கள். இருவருக்கும்தான் இது.

சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு உலகப்போர்க் காலத்தில், 1941 ஆணையோடு வந்தது. பிறகு வந்த 1960 சட்டத்தில் ஒரு பிரிவு எனக்கு மிகவும் பிடிக்கும். தான் குடியிருக்கும் வீட்டின் இன்னொரு பகுதியும் தனக்கு வேண்டுமென்று உரிமையாளர் மனுப் போடலாம். ஆனால் அவருக்குக் கிடைக்கும் வசதியைவிடக் குடித்தனக்காரர் படும் கஷ்டம் பெரிதென்றால் மனு தள்ளுபடி. தராசு பிடித்துப் பார்த்த சட்டம்!

2019 பிப்ரவரி 22 முதல் புதுச் சட்டம். ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். அதில் வேறு சொல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான் (பத்து மாதம் கேட்டுப் பழகியவர்கள் கோபிக்க வேண்டாம்). தகராறு வந்தாலும் கரண்ட்டையும் தண்ணீரையும் நிறுத்தக் கூடாது. பழைய சட்டமும் அதையே சொன்னது.

வாடகைக்கு ரசீது கேட்பது குடித்தனக்காரர் உரிமை. ஒடிசா, பீகார் பிள்ளைகள் கேட்கத் தயங்குவார்கள். ரசீதுப் புத்தகம் ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கிறது, வாங்கி வையுங்கள்.