துடுப்பாட்டத் தொழிலாளரும் அவர்தம் ஒப்பந்தங்களும் – ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டு ஓய்வுக்குரியது, தொழில் வயிற்றுக்குரியது என்று பிரித்துக் காண்பது நம்மவர் வழக்கம். விளையாட்டையே தொழிலாகக் கொண்டோர்க்கு இப்பிரிவு பொருந்தாது. அவர்க்கு ஆடுகளமே விளைநிலம்; உடல்வலி நிலைக்கும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே உழுது பயன்கொள்ளும் பருவம். அப்பருவத்தில் நாட்டணியை விடுத்துத் தனியார் உரிமையாளரின் அணிகளை நாடிச் செல்லும் துடுப்பாட்டக்காரரை நாட்டுப்பற்றற்றவர் என்று பழித்தல் இக்காலத்துப் பெருவழக்காகிவிட்டது. இப்பழி புதியதன்று. ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகளாக அது வெவ்வேறு வடிவில் எழுந்து வந்திருக்கின்றது. அது எழுந்த காலங்களை ஒப்புநோக்கின், ஆட்டக்காரருக்கும் அவரை ஆள்வோருக்கும் இடையே எத்தகைய ஒப்பந்தம் நிலவியது என்ற வினாவே ஒவ்வொரு முறையும் அடிப்படையாய்க் கிடந்தமை புலப்படும். அதனை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தனியார் அணிகளின் வரலாறு தொலைக்காட்சியோடு தொடங்கவில்லை, புகையிரதத்தோடு தொடங்கியது. நொட்டிங்ஹாம் நகரத்தவரான வில்லியம் கிளாக் என்பார் 1846இல் ‘அகில இங்கிலாந்துப் பதினொருவர்’ என்னும் அணியை அமைத்தார். இங்கிலாந்தின் சிறந்த தொழில்முறை ஆட்டக்காரரைக் கூலிக்கு அமர்த்தி, புதிதாய் இடப்பட்ட இருப்புப்பாதைகளின் வழியே ஊர்தோறும் கொண்டுசென்று, பதினெண்மர், இருபத்திருவர் எனத் திரண்ட உள்ளூர் அணிகளோடு அவர்களை மோதவிட்டார். மக்கள் திரண்டனர், பணமும் சேர்ந்தது. ஆனால் ஆட்டக்காரர் பெற்றவை போட்டிக்குச் சில பவுண்களே. எஞ்சியது கிளாக்கின் பையைச் சேர்ந்தது. மனம் வெதும்பிய ஜோன் விஸ்டன், ஜெமி டீன் முதலியோர் 1852இல் பிரிந்துசென்று ‘ஐக்கிய அகில இங்கிலாந்துப் பதினொருவர்’ என்னும் மற்றோர் அணியை நிறுவினர். 1864இல் தம் பெயரால் ஆண்டு நூலொன்றைத் தொடக்கி, துடுப்பாட்ட உலகில் நிலைபெற்றவர் இந்த விஸ்டனே. முதல் தனியார் அணியே தன் ஆட்டக்காரரின் பிளவைக் கண்டது என்பது ஈண்டு கருதத்தக்கது.

பின்னர் ஆட்சி கவுண்டிக் கழகங்களின் கைக்கு மாறியது. 1873இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, ஒருவர் ஒரு பருவத்தில் ஒரு கவுண்டிக்கே ஆடலாம். அதுவும் பிறப்பால் அல்லது வதிவிடத்தால் உரிமை பெற்ற கவுண்டியாய் இருத்தல் வேண்டும். ஆட்டக்காரர் இவ்வாறு ஓரிடத்தில் கட்டப்பட்டனர். ஆனால் கட்டியவர்கள் அவர்க்கு ஆண்டு முழுவதற்குமான வாழ்வை உறுதிசெய்யவில்லை. இதனோடு வகுப்புப் பிரிவும் சேர்ந்துகொண்டது. ஊதியம் பெறாதவர் ‘கனவான்கள்’, பெறுபவர் ‘ஆட்டக்காரர்’. இரு சாராரும் வெவ்வேறு வாயில்களால் களம் புகுந்த மைதானங்கள் இருந்தன. ஓட்டப் பட்டியலிற்கூடக் கனவானின் முதலெழுத்துகள் பெயருக்கு முன்னும், தொழிலாளியின் முதலெழுத்துகள் பெயருக்குப் பின்னும் அச்சிடப்பட்டன. கனவான் எனக் கொள்ளப்பட்ட டாக்டர் டபிள்யூ. ஜி. கிறேஸ், எந்தத் தொழிலாளியிலும் பார்க்க மிகுந்த பணத்தைத் துடுப்பாட்டத்தால் ஈட்டியமை அக்காலத்தவர் அனைவரும் அறிந்ததொன்றாகும்.

இந்நிலையை எதிர்த்தோரும் இலராயினரல்லர். 1881இல் அல்பிரட் ஷோ, ஆதர் ஷ்ரூஸ்பரி ஆகியோர் உள்ளிட்ட நொட்டிங்ஹாம்ஷயர் அணியினர் எழுவர், பருவம் முழுவதற்கும் வேலையை உறுதிசெய்யும் ஒப்பந்தத்தையும், நெடுங்காலச் சேவைக்குப் பின் நன்கொடைப் போட்டி ஒன்றையும் உரிமையாகக் கேட்டு வேலைநிறுத்தஞ் செய்தனர். 1896ஆம் ஆண்டு ஓவல் மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக நடைபெறவிருந்த டெஸ்ற் போட்டிக்கு முன்னர், லோமன், கண், ஏபெல், ரிச்சர்ட்சன், ஹேவாட் என்னும் ஐவர் பத்துப் பவுணுக்குப் பதிலாக இருபது பவுண் கோரினர். கோரிக்கை மறுக்கப்பட்டது, மூவர் பணிந்து ஆடினர், லோமனும் கண்ணும் ஆடாதொழிந்தனர். நாட்டுக்காக ஆடுதலும் கூலி கேட்டலும் ஒன்றற்கொன்று மாறானவை என்ற வாதம் அன்றே செய்தித்தாள்களில் இடம்பெற்றுவிட்டது.

நாட்டணியும் கழகமும் நேர்நின்று மோதிய முதற்பெரு நிகழ்ச்சி லியறி கொன்ஸ்டன்டைனின் வாழ்க்கையிற் காணப்படுவது. டிரினிடாட் தீவில் 1901இல் பிறந்த இவர், வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுதுவினைஞராய் இருந்தார். நிறவேற்றுமை மிக்க அத்தீவில் தமக்கு உயர்வில்லை என்பதை உணர்ந்து, இங்கிலாந்தின் லங்காஷயர் லீக்கைச் சேர்ந்த நெல்சன் கழகத்தோடு ஒப்பந்தஞ் செய்து, 1929 முதல் 1937 வரை ஒன்பது பருவங்கள் ஆடினார். நெல்சன் ஒரு சிறு நெசவாலை நகரம். ஆலைத் தொழிலாளர் சனிக்கிழமைதோறும் கொடுத்த நுழைவுக் கட்டணமே கழகத்தின் வருவாய். அவ்வருவாயைக் கொண்டு அவர்கள் கவுண்டி ஆட்டக்காரர் பெற்றதனினும் மிகுந்த ஊதியத்தை இவர்க்கு வழங்கினர். அவ்வொன்பது பருவங்களுள் ஏழில் நெல்சன் வெற்றிக்கிண்ணம் பெற்றது. 1933இல் மேற்கிந்திய அணி இங்கிலாந்துக்கு வந்தபோது, மூன்று டெஸ்ற் போட்டிகளுள் ஒன்றில் மட்டுமே ஆடக் கழகம் இவரை விடுவித்தது. தம் நாட்டின் தலைசிறந்த வீரர் அருகிலிருந்தும் களத்தில் இல்லை என்று மேற்கிந்தியர் வருந்தினர். ஆயினும் மேற்கிந்தியச் சபை அவர்க்கு அளித்த ஒப்பந்தம் யாது? ஒன்றுமில்லை. நெல்சன் தந்த வாழ்வே அவர் பின்னர்ச் சட்டங் கற்கவும், நிறவேற்றுமையை எதிர்த்து வழக்காடவும், 1969இல் பிரபுக்கள் சபையில் அமரவும் படியாயிற்று. அவர்க்குப் பின் வந்த பிராங்க் வொறெல், 1948-49 இந்தியச் சுற்றுப்பயணத்துக்கு 250 பவுண் கேட்டபோது சபை மறுத்தது. அவரும் லங்காஷயர் நாட்டுக் கழகமொன்றில் ஊதியத்துக்கு ஆடினார். பழித்தவர் இருந்தனர், ஆனால் 1960இல் மேற்கிந்திய அணியைத் தலைமைதாங்கி அவுஸ்திரேலியாவுக்கு அழைத்துச் சென்றவர் அந்த வொறெலே.

கனவான், தொழிலாளி என்னும் பிரிவு 1962 நவம்பரில் இங்கிலாந்தில் ஒழிக்கப்பட்டது. பெயர் மாறிற்றேயன்றி ஊதியம் பெரிதும் மாறவில்லை. 1976இல் அவுஸ்திரேலியச் செல்வர் கெரி பக்கர் தம் தொலைக்காட்சி நிறுவனத்துக்கு டெஸ்ற் ஒளிபரப்புரிமையை மிக உயர்ந்த விலைக்குக் கேட்டார். அவுஸ்திரேலியச் சபை மறுத்தது. அவர் ஆட்டக்காரரிடமே நேரிற் சென்றார். பல நாட்டுச் சிறந்த வீரர்கள் அவரோடு மறைவாக ஒப்பந்தஞ் செய்த செய்தி 1977 மே மாதத்தில் வெளியாயிற்று. அவர்க்குத் துணைநின்ற இங்கிலாந்துத் தலைவர் ரொனி கிறெய்க் பதவியிழந்தார். சர்வதேசச் சபை அவ்வீரர்களை டெஸ்ற் போட்டிகளினின்று விலக்குவதென முடிவு செய்தது. இங்கிலாந்துச் சபை கவுண்டிப் போட்டிகளினின்றும் விலக்க முனைந்தது. கிறெய்க், ஸ்னோ, புறொக்டர் ஆகிய மூவரும் பக்கரின் நிறுவனமும் இலண்டன் உயர் நீதிமன்றத்தை நாடினர்.

முப்பத்தொரு நாள் விசாரணையின் பின், 1977 நவம்பர் 25ஆம் நாள் நீதியரசர் ஸ்லேட் தீர்ப்பளித்தார். டெஸ்ற் துடுப்பாட்டத்தைப் பாதுகாக்கும் நோக்கம் சபைகளுக்கு முறையாக உண்டு என்பதை அவர் ஒப்புக்கொண்டார். எனினும் தொழிலாளி ஒருவர் தம் தொழிலைச் செய்து பிழைப்பதை நியாயமான காரணமின்றித் தடுத்தல் சட்டத்துக்கு மாறானது என்றும், அத்தடை செல்லாது என்றும் தீர்த்தார். மாரிக்காலத்தில் தமக்கு எவ்வித வேலையையும் உறுதிசெய்யாத சபைகள், அக்காலத்தில் பிறரிடம் வேலை செய்தல் துரோகம் என்று கூறுவது எங்ஙனம் பொருந்தும் என்பதே தீர்ப்பின் சாரம். வரலாற்றில் இத்தீர்ப்பு ஒரு திருப்புமுனை. ஆட்டக்காரரின் விசுவாசத்தை எதிர்பார்ப்போர் அதற்கு ஈடானதைத் தருதல் வேண்டும் என்ற நெறி அன்று நிலைபெற்றது. இங்கிலாந்து வீரர் ஒருவரின் டெஸ்ற் ஊதியம் 200 பவுணிலிருந்து 1000 பவுணாக உயர்ந்ததும் இப்பூசலை அடுத்தே. 1979 மே மாதத்தில் பக்கரும் அவுஸ்திரேலியச் சபையும் உடன்பாடு கண்டனர். அவர் முதலிற் கேட்ட ஒளிபரப்புரிமையும் அவர்க்குக் கிடைத்தது.

எனினும் கூலிக் குறைவு எல்லாச் செயலையும் நியாயமாக்கிவிடாது. இலங்கை தன் முதலாவது டெஸ்ற் போட்டியை 1982 பெப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராகக் கொழும்பில் ஆடியது. அப்போட்டியில் தலைமைதாங்கிய பந்துல வர்ணபுர, அதே ஆண்டு இறுதியில், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவுக்கு ஓர் அணியை இட்டுச் சென்றார். சென்றோர் அனைவர்க்கும் இருபத்தைந்து ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அது காலம் முடியுமுன்னரே நீக்கப்பட்டது. நம் வீரர் அக்காலத்தில் வறிய ஊதியமே பெற்றனர் என்பது அவர் சென்றமைக்குக் காரணங் காட்டும். சென்ற இடத்தின் கொடுமையை மறைக்காது. பணம் எவரிடமிருந்து, எதற்காக வருகின்றது என்று வினவும் கடமை ஆட்டக்காரர்க்கும் உண்டு.

இக்காலத்துத் தனியுரிமை அணிகளின் தோற்றம் இந்தியாவுக்குரியது. 2007இல் தனியார் தொலைக்காட்சி நிறுவனமொன்றின் ஆதரவில் ‘இந்தியன் கிரிக்கெற் லீக்’ தொடங்கியது. இந்தியச் சபை அதில் ஆடியோரை விலக்கிவைத்தது. பிற சபைகள் பலவும் அவ்வழி நின்றன. நியூசீலாந்தின் ஷேன் பொண்ட் 2008இல் தம் நாட்டு ஒப்பந்தத்தை இழந்தது இதனாலேயே. அவ்வாண்டிலேயே இந்தியச் சபை தானே ‘இந்தியன் பிரீமியர் லீக்’கைத் தொடக்கியது. எட்டு அணிகளின் உரிமை ஏறக்குறைய 72 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. பெப்ரவரி 20ஆம் நாள் மும்பாயில் நடந்த ஏலத்தில் மகேந்திர சிங் தோனியைச் சென்னை அணி 15 இலட்சம் டொலருக்குப் பெற்றது. நம் முத்தையா முரளிதரனும் அவ்வணியிலேயே ஆடினார். 2023 முதல் 2027 வரையான ஒளிபரப்புரிமை மட்டும் 2022இல் 48,390 கோடி இந்திய ரூபாவுக்கு விலைபோயிற்று.

கிளாக், நெல்சன் கழகம், பக்கர் ஆகியோரின் பணம் சபைகளுக்குப் புறத்தேயிருந்து வந்தது. ஆதலின் சபைகள் அதனோடு போட்டியிட்டுத் தம் ஆட்டக்காரர்க்குக் கூட்டிக் கொடுக்க நேர்ந்தது. 2008இன் பின் பெரும்பணம் ஒரு பெரிய சபையின் உள்ளேயே பிறக்கின்றது. அயல்நாட்டு வீரர் அங்கு ஆடுவதற்குத் தம் சபையின் ஆட்சேபனையின்மைச் சான்று வேண்டும் என்பது விதி. செல்வம் மிக்க இந்தியச் சபை, ஓய்வு பெறாத தன் வீரரைப் பிற நாட்டு லீக்குகளுக்கு விடுவதில்லை. வறிய சபைகள் மறுத்தால் வீரரையே இழக்க நேரும். விதி ஒன்றாயினும் அதன் வலிமை செல்வத்தைப் பொறுத்ததாகிவிட்டது.

இதன் விளைவுகள் கண்கூடு. 2009இல் இலங்கை அணி மேற்கொள்ளவிருந்த இங்கிலாந்துச் சுற்றுப்பயணம், வீரர்கள் முன்னரே இந்திய லீக்குக்கு ஒப்பந்தமாகியிருந்தமையாற் கைவிடப்பட்டது. மேற்கிந்திய அணி அவ்விடத்தை நிரப்பியது. 2014 ஒக்டோபரில் மேற்கிந்திய வீரர்கள், தம் சம்மதமின்றிச் செய்யப்பட்ட ஊதிய உடன்படிக்கையை எதிர்த்து, இந்தியச் சுற்றுப்பயணத்தை இடைநடுவில் முறித்துத் திரும்பினர். நியூசீலாந்தின் டிரென்ட் போல்ட் 2022இல் தம் சபையின் ஆண்டு ஒப்பந்தத்தினின்று விடுதலை கேட்டுப் பெற்றார். கேன் வில்லியம்சன் 2024இல் அதனை ஏற்க மறுத்தார். ஆயினும் அவர் அவ்வாண்டு இறுதியிலும் தம் நாட்டுக்காக டெஸ்ற் ஆடினார். 2024 பெப்ரவரியில் தென்னாபிரிக்கச் சபை, தன் நாட்டு லீக்கில் முன்னணி வீரரை நிறுத்திவைத்துவிட்டு, முன்பு டெஸ்ற் ஆடியிராத ஒருவரின் தலைமையில் ஓர் அணியை நியூசீலாந்துக்கு அனுப்பியது. இரு போட்டிகளிலும் அவ்வணி தோற்றது. 1933இல் கழகம் செய்ததை 2024இல் சபையே செய்தது. அங்கு நாட்டைக் கைவிட்டவர் ஆட்டக்காரரல்லர்.

தனியுரிமை லீக்குகளால் நன்மையே இல்லை என்று கூறுதல் நேர்மையாகாது. 2020இல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணப் பெயர் தாங்கிய அணியே முதற்கிண்ணத்தை வென்றது. அவ்வணியிற் களமிறங்கிய யாழ்ப்பாணத்து இளைஞர் விஜயகாந்த் வியாஸ்காந்த், 2024இல் இந்திய லீக்கில் ஐதராபாத் அணிக்கு ஆடினார். நெடுங்காலம் தலைநகர்க் கழகங்களின் வாயிலிற் காத்து நின்ற நம் மாணவர்க்கு இது ஒரு புதிய வாயில். கொன்ஸ்டன்டைனுக்கு நெல்சன் திறந்ததும் அத்தகையதே.

முடிவாக நோக்குமிடத்து, வரலாறு இரு உண்மைகளை உணர்த்துகின்றது. தடை விதித்து ஆட்டக்காரரைப் பிணித்த முயற்சிகளாற் பூசல் தீர்ந்ததில்லை. தகுந்த ஒப்பந்தமே தீர்வு கண்டது. ஆனால் அத்தகு ஒப்பந்தத்தை வழங்கப் பொருள் வேண்டும். 2024 முதல் 2027 வரையான காலத்துக்குச் சர்வதேசச் சபையின் வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு இந்தியச் சபைக்கே செல்வதாகச் செய்திகள் வெளியாயின. இத்தகைய பங்கீட்டின் கீழ் மேற்கிந்தியத் தீவுகளும் இலங்கையும் தம் வீரர்க்கு எதனைக் கொண்டு ஈடு செய்யும்? வீரரை நாட்டுப்பற்றற்றவர் எனப் பழிக்குமுன் இவ்வினாவுக்கு விடை காணுதல் முறை. எம் கல்லூரி மைதானத்தில் மாலைதோறும் பந்து வீசும் சிறுவருள் நாளை ஒருவருக்கு இத்தகைய ஒப்பந்தம் நீட்டப்படலாம். அதனை வாசித்தறியும் கல்வியையும், அதில் எழுதப்படாத கடமைகளை உணரும் பண்பையும் அவர்க்கு அளித்தல் ஆசிரியராகிய நம் பொறுப்பாகும்.