பச்சை யானைகளும் பனிக்கால நெருப்பும்

1956ஆம் ஆண்டு ஜனவரி மாதம், ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகருக்கு அண்மையில் உள்ள சொலிட்யூட் பந்தயப் பாதையின் ஓரத்தில், கிளெம்செக் என்னுமிடத்தில் ஏறத்தாழ இருபது மோட்டார் சைக்கிளோட்டிகள் ஒன்றுகூடினார்கள். பந்தயம் எதுவும் அன்று நடைபெறவில்லை. பரிசு இல்லை. பார்வையாளரும் இல்லை. கடுங்குளிரில், பக்கப்பெட்டி பூட்டிய கனத்த வண்டிகளில் வந்து இறங்கிய அந்த மனிதர்களுக்கு அங்கே செய்வதற்கு இருந்த ஒரே வேலை பேசுவதுதான். இன்று ஸ்ருட்கார்ட்டிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நம்மவர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். அந்த வழியால் போய்வரும் அவர்களுள் எத்தனை பேர் இந்தக் கதையை அறிந்திருப்பார்களோ தெரியாது.

அவர்களை அழைத்தவர் ஒரு பத்திரிகையாளர். பெயர் ஏர்ன்ஸ்ட் லெவர்கூஸ். 'கிளாக்ஸ்' என்ற செல்லப்பெயரால் வாசகர் மத்தியில் அறியப்பட்டிருந்த அவர், 'டாஸ் மோட்டோராட்' என்ற சஞ்சிகைக்காகப் புதிய வண்டிகளை ஓட்டிப் பார்த்து எழுதி வந்தவர். மேசையில் இருந்தபடி எழுதாமல், மழையிலும் பனியிலும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடிவிட்டு எழுதியமையால் வாசகர்கள் அவரைத் தம்முள் ஒருவராகவே கருதினர். பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எனக்கு இவ்விடயத்தில் ஒரு தனி ஈர்ப்பு உண்டு. நாம் எழுதுவதை வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் காண்பது மிக அபூர்வம். லெவர்கூஸ் தமது வாசகர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைத்தார். அவர் எழுதிய வண்டிச் சோதனைக் கட்டுரைகளை விட அந்த ஒரு காரியமே நீண்டகாலம் நிலைத்தது.

வந்தவர்களின் வண்டி, நூரம்பேர்க் நகரின் சுண்டாப் நிறுவனம் 1950 முதல் தயாரித்த கே.எஸ். 601. 597 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு, 28 குதிரைவலு, இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிலிண்டர்கள். பச்சை வர்ணமும் பருத்த உடலும் சுமை இழுக்கும் வல்லமையும் சேர்ந்து 'பச்சை யானை' என்ற பெயரை அதற்குப் பெற்றுக் கொடுத்தன. ஆகவே அச்சந்திப்பும் 'யானைச் சந்திப்பு' ஆயிற்று. இதே நிறுவனம்தான் இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் படையினருக்குக் கே.எஸ். 750 என்ற மூன்று சக்கர வண்டியைச் செய்து கொடுத்தது. 1956இல் போர் முடிந்து பதினொரு ஆண்டுகள்கூட நிறையவில்லை. பக்கப்பெட்டி வண்டியைப் பனியில் ஓட்டும் கலையை அந்தத் தலைமுறையினர் எங்கே கற்றிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஏன் குளிர்காலத்தில் கூடினார்கள்? கோடையில் எவரும் மோட்டார் சைக்கிள் ஓட்டலாம். பனியில் இரண்டு சக்கர வண்டி வழுக்கி விழும். பக்கப்பெட்டி பூட்டினால் மூன்றாவது சக்கரம் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே ஜனவரி மாதத்தில் வீதியில் காணப்படுபவர், வேறு வாகனம் வாங்க வசதியில்லாதவராகவோ, வேறு வாகனத்தை விரும்பாதவராகவோதான் இருப்பார். இவ்விரு வகையினரும் ஒரே நெருப்பைச் சுற்றி அமர்ந்தனர் என்பதே இக்கதையில் என்னை நிறுத்திய செய்தி.

இதனை விளங்கிக்கொள்ள அக்காலப் பொருளாதாரத்தைச் சிறிது நோக்க வேண்டும். 1950களின் முற்பகுதியில் மேற்கு ஜேர்மனியின் வீதிகளில் கார்களை விட மோட்டார் சைக்கிள்களே அதிகம். போரில் சிதைந்த நாட்டில் தொழிலாளி வேலைக்குச் செல்லவும், குடும்பம் ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுக்குப் போகவும் அதுவே வாகனம். பின்னர் கூலி உயர்ந்தது. சிறிய கார்கள் மலிந்தன. மழைக்கு நனையாத கூரை கிடைத்தபின் யார்தான் நனைவார்கள்? சில ஆண்டுகளுக்குள் மோட்டார் சைக்கிள் விற்பனை சரிந்து, பெயர்பெற்ற தொழிற்சாலைகள் தள்ளாடின. பி.எம்.டபிள்யூ. நிறுவனமே 1959 டிசம்பரில் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போகும் நிலைக்கு வந்து, பங்குதாரர் கூட்டத்தில் மயிரிழையில் தப்பியது. கே.எஸ். 601இன் உற்பத்தியும் அப்பத்தாண்டு முடிவதற்குள் நின்றுபோனது. கார் வாங்க முடியாதவனின் வாகனம் என்ற ஏளனம் மோட்டார் சைக்கிளின் மேல் விழுந்தது.

மோட்டார் சைக்கிளோட்டிகளின் தோழமை பற்றிப் பேசுவோர், அது சுதந்திர உணர்விலிருந்து பிறந்தது என்று அலங்காரமாகச் சொல்வதுண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. வீதியெங்கும் மோட்டார் சைக்கிள் நிறைந்திருந்த காலத்தில் எதிரே வருபவருக்குக் கைகாட்ட வேண்டிய தேவை பெரிதாக இருந்திராது. இலட்சக்கணக்கானோர் சில நூறாயிரமாகக் குறுகி, பிறர் பார்வையில் இரங்கத்தக்கவர்களாகிய பின்னரே எதிரே வரும் ஒற்றை விளக்கு சொந்தக்காரனின் விளக்காகத் தெரியத் தொடங்குகிறது. அந்நிய நகரின் பேருந்தில் தமிழ்ச் சொல் ஒன்று காதில் விழுந்ததும் திரும்பிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மோட்டார் சைக்கிள், ஓடும்போது பேச முடியாத வாகனம். காரில் நால்வர் போனால் வழி நெடுகக் கதைத்துக்கொண்டே போகலாம். பத்து மோட்டார் சைக்கிள்கள் சேர்ந்து போனாலும் பத்துப் பேரும் தனித்தனியேதான் போகிறார்கள். காற்றும் இயந்திர ஒலியும் வாயை அடைத்துவிடுகின்றன. ஆகவே பேச்சு முழுவதும் பெற்றோல் நிலையத்துக்கும் தேநீர்க் கடைக்கும் இராத்தங்கும் இடத்துக்கும் ஒதுங்கிக்கொண்டது. இடையில் சைகைகள் மட்டும். வலப்புறமாக வாகனம் செலுத்தும் நாடுகளில் எதிரே வருபவருக்கு அண்மையில் இருப்பது இடக்கை. அது ஓரளவு ஓய்வான கை என்பதால் அதைத் தாழ்த்தி நீட்டி வணக்கம் சொல்கிறார்கள். பிரித்தானியாவிலும் எமது நாட்டிலும் இடப்புறமாகச் செலுத்துகிறோம். அண்மையில் உள்ள வலக்கையோ வேகமுறுக்கியைப் பற்றியிருக்கிறது. அதை எடுத்தால் வண்டி தளர்ந்துவிடும். அதனால் பிரித்தானியாவில் தலையசைப்பே வணக்கமாயிற்று. பிரான்சில் வழிவிட்ட வாகனத்துக்கு வலது காலை நீட்டி நன்றி சொல்வார்கள். காலை நீட்டுவது நமக்கு அவமரியாதை. அங்கே அதுவே மரியாதை.

நிறுத்திய பின் என்ன பேசுவார்கள்? வெளியாள் கேட்டால் சலித்துப்போவார். எங்கிருந்து வருகிறீர், வழியில் பனி எவ்வளவு, எந்த எண்ணெய் ஊற்றுகிறீர், ரயர் எத்தனை கிலோமீற்றர் தாங்கியது, கிளட்ச் கம்பி அறுந்தால் என்ன செய்வீர் என்று அது போய்க்கொண்டேயிருக்கும். எண்ணெயைப் பற்றிய விவாதம் ஒருபோதும் தீர்ந்ததில்லை. தீர்வதை எவரும் விரும்புவதாகவும் தெரியவில்லை. தொழிலைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் கேட்பது பிந்தியே வரும். சில வேளைகளில் வருவதேயில்லை. ஆனால் இந்தச் சில்லறைப் பேச்சை இழிவாகக் கருதக்கூடாது. பழைய வண்டிகள் வழியில் நின்றுபோவது அன்றாட நிகழ்ச்சி. தொலைபேசி இல்லாத காட்டுவழியில் அடுத்து வரும் ஓட்டியே மெக்கானிக், அவர் தோற்பைக்குள் இருப்பதே உதிரிப்பாகக் கடை. நேற்று நெருப்பருகில் கேட்ட ஒரு சொல் இன்று நடுவழியில் உயிர் காக்கும்.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிய பாடமன்று. பெற்றோல் சொட்டுக்கணக்கில் விற்ற நாட்களில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தை எந்தக் கையேட்டிலும் அச்சாகவில்லை. ஒழுங்கை முகப்புகளிலும் சைக்கிள் கடை வாசல்களிலும் நின்று கதைத்துக் கதைத்தே அது குடாநாடு முழுவதும் பரவிற்று. இயந்திரத்தைப் பற்றிய பேச்சு வெறும் பொழுதுபோக்கல்ல என்று நான் எழுதுவது அந்த அனுபவத்தை வைத்தே.

ஜேர்மன் மொழியில் அறிமுகமற்றவரை 'சீ' என்று மரியாதையாகவே விளிக்க வேண்டும். 'டு' என்பது நண்பருக்கும் குடும்பத்தினருக்கும் உரியது. மோட்டார் சைக்கிளோட்டிகள் முதற்சந்திப்பிலேயே 'டு' என்று தொடங்கிவிடுவது அவர்களுடைய வழக்கம். நம்மிடையே இதை 'நீ' என்று பெயர்த்தால் சண்டை வரும். 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் நடுவில் யாழ்ப்பாணத்தில் புழங்கும் 'நீர்' என்ற சொல்லே ஓரளவு பொருந்தும் என நினைக்கிறேன். பதவியும் பட்டமும் கனமாகத் தொங்கும் ஒரு சமூகத்தில் வங்கி முகாமையாளரும் கொல்லுப்பட்டறைத் தொழிலாளியும் ஒருவரையொருவர் அப்படி விளித்துக்கொள்வது சிறிய விடயமன்று. வீட்டுக்குத் திரும்பித் தலைக்கவசத்தைக் கழற்றியதும் பழைய மரியாதைகள் திரும்பிவிடும் என்பதும் உண்மை.

யானைச் சந்திப்பு வளர்ந்தது. 1961 முதல் 1977 வரை நூர்பர்க்ரிங் பந்தயத் திடலில் கூடியபோது இருபது பேர் ஆயிரக்கணக்கானோர் ஆகியிருந்தனர். சுண்டாப் என்ற எல்லையும் மறைந்து எந்த வண்டியில் வருபவருக்கும் இடம் கிடைத்தது. பின்னர் ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க்ரிங். 1989 முதல் பவேரியக் காட்டுப் பகுதியில் துர்மான்ஸ்பாங் அருகேயுள்ள ஒரு பள்ளத்தாக்கு. 1958இல் உருவான மோட்டார் சைக்கிளோட்டிகள் கூட்டமைப்பு அதை நடத்துகிறது. வேல்ஸ் நாட்டில் 1962இல் தொடங்கிய 'டிராகன்' குளிர்காலச் சந்திப்பும் இதே பாணியிலானது. யானைச் சந்திப்பில் இரவில் தீப்பந்தம் ஏந்திய ஊர்வலம் ஒன்று உண்டு. வீதியில் இறந்துபோன தோழர்களை அப்போது நினைவுகூர்கிறார்கள். சென்ற ஆண்டு எண்ணெயைப் பற்றி வாதாடியவர் இவ்வாண்டு வரவில்லை என்றால், கேள்வி கேட்கத் தயங்கும் கூட்டம் அது.

இந்தத் தோழமையை மட்டுமீறிப் புகழ்வதற்கும் நான் தயாரில்லை. அமெரிக்காவில் 1924இல் தோன்றிய மோட்டார் சைக்கிள் சங்கம் நெடுங்காலம் வெள்ளையரல்லாதோருக்கு உறுப்புரிமை தரவில்லை. அதே அமெரிக்காவில் பெசி ஸ்டிரிங்ஃபீல்ட் என்ற கறுப்பினப் பெண்மணி 1930களிலும் 40களிலும் தன்னந்தனியே நாட்டைக் குறுக்கறுத்துப் பயணம் செய்தார். விடுதிகள் அறை மறுத்தபோது பெற்றோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, மேலங்கியைச் சுருட்டிக் கைபிடியின் மேல் தலையணையாக வைத்து, வண்டியிலேயே படுத்துறங்கினார். உறுப்புரிமை அட்டை வைத்திருந்தவர்களுக்கு நிறுத்துமிடங்களில் கிடைத்த உரையாடல் அவருக்கு எத்தனை இடங்களில் கிடைத்திருக்கும்? 1993இல் அவர் மறைந்தார். அதே சங்கத்தின் புகழ் மண்டபத்தில் அவரது பெயர் ஏறியது 2002இல்.

அமெரிக்காவிலேயே இன்னொரு கதையும் உண்டு. ஹொண்டா நிறுவனம் 1974இல் கோல்ட்விங் என்ற நீண்டதூரப் பயண வண்டியை அறிமுகம் செய்தது. நான்கு சிலிண்டர், நீரால் குளிரூட்டப்படும் இயந்திரம், சங்கிலிக்குப் பதில் தண்டு. எளிதில் பழுதாகாத வண்டி. பழுதாகாவிட்டால் வழியில் நிற்கத் தேவையில்லை. நிற்காவிட்டால் பேசத் தேவையில்லை என்று எவரும் கணக்குப் போடலாம். நடந்தது வேறு. 1977இல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் அவ்வண்டியின் உரிமையாளர்கள் ஒரு சங்கத்தைத் தொடங்கினர். ஊருக்கு ஊர் கிளைகள், மாதாந்தக் காலை உணவு, பாதுகாப்புப் பயிற்சி, கணவன் மனைவியாகப் பயணம் என்று அது பெருகிற்று. வண்டிகளில் வானொலிக் கருவி பூட்டி ஓடும்போதே பேசிக்கொள்ளவும் வழி செய்தார்கள். பழுதுபார்க்கும் தேவை போனபின்னும் பேசும் தேவை போகவில்லை. ஆனால் அந்த உறுப்பினர்கள் முதுமையடைந்தபோது அவர்களின் இடத்துக்கு இளையவர்கள் போதிய அளவில் வரவில்லை. 2022இல் அச்சங்கம் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. நாற்பத்தைந்து ஆண்டுகள் காலை உணவு மேசைகளைப் பகிர்ந்தவர்கள், இனி யார் பெயரில் அடுத்த மாதம் கூடுவது என்று யோசிக்க வேண்டியதாயிற்று.

சுண்டாப் நிறுவனமும் இன்று இல்லை. 1984இல் அது முறிந்து, இயந்திரசாதனங்கள் சீனாவுக்கு விற்கப்பட்டன. லெவர்கூஸ் 1998இல் காலமானார். பச்சை யானைகளில் எஞ்சியவை சேகரிப்பாளர் கைகளில் இருக்கின்றன. யானைச் சந்திப்புக்கு மட்டும் பல நாடுகளிலிருந்து இன்னும் வருகிறார்கள். கூடாரத்தின் கீழே பனியில் பரப்புவதற்கு வைக்கோலும், எரிப்பதற்கு விறகும் அங்கே விலைக்குக் கிடைக்கும். வைக்கோலை விரித்து, நெருப்பை மூட்டி, பக்கத்துக் கூடாரத்துக்காரர் கையைச் சூடேற்ற வந்ததும், எங்கிருந்து வருகிறீர் என்று தொடங்குகிறார்கள்.