முலாம்பழத்தில் பூத்த பூசணம்

போன வாரம் பேரனுக்குத் தொண்டைப் புண். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை முனைக் கடையில் வாங்கிக்கொண்டு வரும்போது பழைய ஞாபகங்கள் கிளம்பிவிட்டன. நான் வேலை பார்த்தது ஒரு மருந்து ஆலையின் நொதித்தல் பிரிவில், ஷிப்ட் கெமிஸ்டாக. பெனிசிலின் என்றதும் எல்லோரும் 1928-ல் பிளெமிங் கவனித்த கண்ணாடித் தட்டோடு ஆரம்பித்து அங்கேயே கதையை முடித்துவிடுகிறார்கள். தொட்டிகளோடு குடித்தனம் நடத்திய எனக்கு அதில் எப்போதும் ஒரு மனக்குறை உண்டு.

1941 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டு மருத்துவமனையில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரர் கிடந்தார். முகத்துக் காயம் சீழ் பிடித்து, ஒரு கண்ணையே எடுத்தாகிவிட்டது. ஃப்ளோரியின் குழு தயாரித்த பெனிசிலினை 12-ம் தேதி ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது, பசி எடுத்தது. ஆனால் கையிருப்பு சில நாளில் தீர்ந்துபோனது. அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடியும் ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் போதவில்லை. மார்ச் 15-ல் இறந்துவிட்டார். மருந்து வேலை செய்தது. போதுமான அளவு இல்லை, அவ்வளவுதான்.

ஏன் இல்லை? அந்தப் பூசணம் அப்போது திரவத்தின் மேல் ஆடை போலப் படர்ந்துதான் வளர்ந்தது. ஆகவே ஆழமில்லாத பாத்திரங்கள் நூற்றுக்கணக்கில் வேண்டும். போர்க்காலத் தட்டுப்பாட்டில் நார்மன் ஹீட்லி என்ற இளைஞர் நோயாளிகளின் மலத்தட்டுகளில்கூட வளர்த்துப் பார்த்தார். பிறகு அதே வடிவத்தில் பீங்கான் பாத்திரங்கள் செய்யச் சொன்னார். இத்தனைக்கும் பிளெமிங்கின் ரகம் மில்லிலிட்டருக்கு இரண்டு யூனிட் அளவுக்குத்தான் தந்தது. குளம் நிறையத் தண்ணீர் இறைத்துக் குடம் மோர் எடுத்த கதை.

அந்த ஜூலையில் ஃப்ளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா போனார்கள். இல்லினாய் மாநிலத்தில் பியோரியா என்ற ஊர். சுற்றிலும் மக்காச்சோள வயல்கள். அங்கிருந்த விவசாய ஆராய்ச்சிக்கூடத்துக்குச் சோளக் கழிவை என்ன செய்வது என்பதே ஒரு கவலை. ஸ்டார்ச் எடுப்பதற்காக மக்காச்சோளத்தை ஊறவைத்து வடித்த நீரை ஆண்ட்ரூ மோயர் பூசணத்துக்கு ஊட்டினார். சர்க்கரையை மாற்றி லாக்டோஸ் கொடுத்தார். விளைச்சல் பத்து மடங்கு அளவுக்கு ஏறியது. அந்தச் சோளத்தண்ணீர் எங்கள் ஆலைக்கும் பீப்பாயில் வரும். புளித்த, லேசான பழைய சோற்று வாடை. வீட்டில் என் சட்டையை மட்டும் தனியாகத்தான் ஊறப்போடுவார்கள்.

அடுத்த படி, பூசணத்தை மேலே மிதக்கவிடாமல் தொட்டிக்குள் முக்கி வளர்ப்பது. காற்றை உள்ளே செலுத்திக்கொண்டே கலக்க வேண்டும். சொல்ல எளிது. அந்தக் காற்றில் ஒரே ஒரு கிருமி தப்பி வந்தாலும் போச்சு. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு மழைக்கால இரவில், ஒரு வால்வின் கசிவால் என் ஷிப்டில் அப்படி ஒரு தொட்டி போனது. சாயங்காலம் நன்றாக இருந்தது. விடிகாலைச் சோதனையில் மருந்து ஏறக்குறைய இல்லை. அத்தனையையும் கொதிக்கவைத்துச் சாக்கடையில் விட்டோம். மெமோ வந்தது வால்வை மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்த ஆபரேட்டருக்கு.

நல்ல தொட்டி இருந்தும் பிளெமிங்கின் ரகம் அதற்குள் சரிப்படவில்லை. உலகின் பல மூலைகளிலிருந்தும் மண் வரவழைத்துத் தேடினார்கள். கிடைத்தது 1943-ல், உள்ளூர்ச் சந்தையில் அழுகிய முலாம்பழத்தில்! மேரி ஹன்ட் என்ற உதவியாளர் வாங்கி வந்தார் என்பார்கள். யாரோ ஒரு இல்லத்தரசி கொடுத்தார் என்றும் சொல்வதுண்டு. பூசணத்தை எடுத்துக்கொண்டு மீதிப் பழத்தை ஆய்வகத்தில் இருந்தவர்கள் தின்றுவிட்டார்களாம். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான்.

அந்த ரகத்தின் பெயர் என்.ஆர்.ஆர்.எல். 1951. அதன் வாரிசுகளில் சிறந்ததைப் பொறுக்கி எக்ஸ்ரே காட்டினார்கள். பெரும்பாலானவை செத்தன, பிழைத்தவற்றிலும் பெரும்பாலானவை உதவாக்கரை. ஆயிரத்தில் ஒன்று தேறும். அப்படித் தேறிய எக்ஸ்-1612 சுமார் 500 யூனிட் தந்தது. அதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் புற ஊதாக் கதிரில் வைத்ததில் கியூ-176 பிறந்தது: சுமார் 900. நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கதிர் கதிராகப் பார்த்துப் பொறுக்குவார்களே, அதே பொறுமைதான்.

இதற்கிடையே, சிட்ரிக் அமிலம் நொதிக்கவைத்துப் பழகிய பைசர் கம்பெனி புரூக்ளினில் ஒரு பழைய ஐஸ் பேக்டரியை வாங்கி, 7,500 காலன் தொட்டிகள் பதினான்கை நிறுத்தி 1944 மார்ச்சில் உற்பத்தியைத் தொடங்கியது. ஜூனில் நார்மண்டியில் இறங்கிய வீரர்களுக்கு மருந்து தயாராக இருந்தது. நம் நாட்டிலும் புனேவுக்குப் பக்கத்தில் பிம்ப்ரியில், யுனிசெஃப், உலக சுகாதார நிறுவன உதவியோடு, 1955-ல் பெனிசிலின் வந்துவிட்டது.

1945 நோபல் பரிசு பிளெமிங், ஃப்ளோரி, செயின் மூவருக்கும். பியோரியா முடிவுகளை மோயர் வெளியிட்டபோது உடன் உழைத்த ஹீட்லியின் பெயரைச் சேர்க்கவில்லை. டாக்டருக்குப் படிக்காத ஹீட்லிக்கு ஆக்ஸ்போர்டு 1990-ல் மருத்துவத்தில் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதன் சரித்திரத்திலேயே அப்படிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அப்போது அவருக்கு வயது 79.