சேலம்–நாமக்கல் சமவெளியில் மாடிக் காற்றாலை: 1.48 என்ற பெருக்கெண்ணை வாசிக்கும் முறை

காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. எனவே ஏறி இறங்கி வீசும் காற்றில், சராசரி வேகம் காட்டுவதைவிடக் கூடுதல் ஆற்றல் உண்டு. இந்த அளவில் கருத்து வேறுபாடு இல்லை. இதிலிருந்து, வீச்சும் சுழிப்பும் மிகுந்த நகர மாடிகளே சிறு காற்றாலைகளுக்கு உகந்தவை என்ற முடிவுக்குச் சிலர் செல்கின்றனர். சேலம்–நாமக்கல் சமவெளியைப் பொறுத்தவரையேனும் அந்த முடிவு ஏற்கத்தக்கதன்று.

அவ்வாதத்தின் உயிர்நிலை ஒரு பெருக்கெண். காற்று வேகத்தின் திட்டவிலக்கத்தைச் சராசரி வேகத்தால் வகுத்தால் கொந்தளிப்புச் செறிவு கிடைக்கும். அதன் வர்க்கத்தை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், சராசரி வேகத்தின் மும்மடியைவிட உண்மை ஆற்றல் எத்தனை மடங்கு என்பது தோராயமாகத் தெரியும். செறிவு 0.4 எனில் விடை 1.48. இதை 48 விழுக்காடு ஆதாயம் என்று வாசிப்பதே வழக்கம். ஆனால் வகுக்கும் எண் சராசரி வேகம்; அது சிறுத்தால் செறிவு தானே பெருகும். வீடுகளும் மரங்களும் காற்றின் சீரான ஓட்டத்தைத் தடுத்துச் சுழிகளாக உடைக்கின்றன. சுழிகளின் ஆற்றல் அந்த ஓட்டத்திலிருந்தே எடுக்கப்பட்டது. ஆக, உயர்ந்த செறிவு பெரும்பாலும் இழப்பின் அடையாளம். மாடியில் வினாடிக்கு 2.5 மீட்டர் சராசரியும் 0.4 செறிவும், திறந்தவெளியில் 5 மீட்டர் சராசரியும் 0.1 செறிவும் என்று வைத்துக் கணக்கிடலாம். மும்மடியைப் பெருக்கெண்ணால் பெருக்க, முன்னதற்கு 23, பின்னதற்கு 129. ‘ஆதாயம்’ பெற்ற மாடிக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலும் பல சிறு காற்றாலைகள் 3 மீட்டர் வேகத்துக்குக் கீழே மின்சாரம் தருவதில்லை. வீச்சு வந்ததும் இறக்கைகள் வேகமெடுக்கவும், வால்தகடு திசை திரும்பவும் சில வினாடிகள் பிடிக்கும். அதற்குள் வீச்சு தணிந்துவிடுகிறது.

சேர்வராயன், ஜருகுமலை, கஞ்சமலை ஆகியவை சூழ்ந்த சேலத்திலும், கொல்லிமலைக்கு மேற்கிலுள்ள நாமக்கல்லிலும் சித்திரை, வைகாசியில் இடிமழையோடு வரும் சூறை மரங்களையே சாய்க்கும். மாடிக் காற்றாலையை ஆதரிப்போரின் நம்பிக்கை பெரிதும் இந்தச் சூறையின்மீதுதான். வினாடிக்கு 15 மீட்டர் வேகம் 20 நிமிடம் தொடர்வதாகத் தாராளமாகவே கொள்வோம். வெப்பக் காற்றின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 1.1 கிலோ என எடுத்தால், இறக்கைகள் சுழலும் பரப்பில் ஒரு சதுர மீட்டரைக் கடப்பது ஏறத்தாழ 620 வாட்மணி. கால்பங்கு மின்சாரமானால் 155 வாட்மணி. இதே ஊரில் ஒரு சதுர மீட்டர் சூரியத் தகடு நல்ல வெயிலில் ஒரே நாளில் 800 வாட்மணி அளவுக்குத் தரும். ஆண்டுக்கு முப்பது சூறை வந்தாலும் சதுர மீட்டருக்குக் காற்றாலையின் வரவு ஐந்து யூனிட்டைத் தொடாது. அந்த வேகத்தில் பல கருவிகள் பாதுகாப்புக்காகக் காற்றிலிருந்து முகம் திருப்பிக்கொள்வதால் உண்மை வரவு இன்னும் குறையும். உடுமலை, பல்லடம் காற்றாலைகளை மாடிக் காற்றாலைக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. அவற்றின் வளம் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் மணிக்கணக்காக நீடிக்கும் காற்று.

செங்குத்து அச்சுக் காற்றாலைக்குத் திசை மாற்றம் பொருட்டல்ல என்பது மெய். ஆனால் இல்லாத ஆற்றலை அதனாலும் எடுக்க முடியாது. கட்டடமே காற்றை விரைவுபடுத்தும் என்பதற்குப் பஹ்ரைன் உலக வர்த்தக மையம் காட்டப்படுகிறது. கடற்காற்றுக்கு நேரே வடிவமைத்த இரட்டைக் கோபுரத்துக்குச் சரியானது, கைப்பிடிச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள மூன்று மாடி வீட்டுக்குச் சரியாகாது. லாரிகள் கிளப்பும் காற்றை நெடுஞ்சாலையில் பிடிக்கலாம் என்ற யோசனையும் சில வினாடித் துடிப்புகளையே நம்பியிருக்கிறது.

மேற்கண்ட வேகங்கள் கணக்குக்காகக் கொண்டவை. மாடிக்கு மாடி அவை மாறும். வாதத்தைத் தீர்க்க, குறிப்பிட்ட மாடியில் ஓராண்டு முழுவதும் காற்று வேகத்தையும் கருவி உண்மையில் தந்த மின்சாரத்தையும் வினாடிதோறும் சேர்த்துப் பதிய வேண்டும். வேகத்தை மட்டும் அளந்து, பெருக்கெண்ணால் உயர்த்திய மதிப்பீடுகள் கருவி வாங்குவதற்கு ஆதாரமாகா.