இந்தியாவில் இளைஞர் வேலையின்மைக் கணக்கீடு: ஒரு வரலாற்று ஆராய்ச்சி

சுதந்திர இந்தியாவில் வேலையில்லாத் திண்டாட்டத்தை அளக்கப் பயன்பட்ட முக்கியக் கருவிகளில் எதுவும் ஆதியில் இளைஞர்களை மனத்திற்கொண்டு உண்டாக்கப்பட்டதன்று. இன்று அவர்களைப் பற்றி வெளியாகும் சதவீதங்களை வாசிக்கையில் நேரும் மயக்கங்களிற் பல அந்தப் பூர்வ சரித்திரத்தில் வேர்கொண்டவை என்பதே என் அபிப்பிராயம்.

முதற்கருவி வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்களுக்கு ஜீவனோபாயம் தேடித்தரும் பொருட்டு 1945-இல் தொடங்கப்பட்ட அவ்வலுவலகங்கள் பின்னர் எல்லா ஜனங்களுக்கும் திறந்துவிடப்பட்டன. காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கச் செய்யும் 1959-ஆம் வருஷச் சட்டம் அவற்றுக்கு வலுவூட்டிற்று. பள்ளியிறுதி தேறியதும் சான்றிதழ்களுடன் சென்று பதிந்து, மூன்றாண்டுக்கொருமுறை தவறாது புதுப்பித்து, பதிவு மூப்பைக் காத்துவருவது தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் வழக்கமாயிற்று. எனினும் வேறு உத்தியோகம் கிடைத்த பின்பும் பெயரை நீக்காதவர் ஒருபுறமும், வேலையின்றி வாடியும் பதியாத கிராமவாசிகள் மறுபுறமுமாக இருந்தமையால், அப்பதிவேடு நம்பிக்கையின் கணக்காயிற்றேயன்றி வேலையின்மையின் கணக்காகவில்லை.

புள்ளியியல் அறிஞர் மஹலனோபிஸின் முயற்சியால் 1950-இல் தோன்றிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1955-இல் தன் ஒன்பதாவது சுற்றில் இவ்விஷயத்தை விரிவாக விசாரித்தது. ஆயினும் ஐந்தாண்டுத் திட்டங்களுக்காகப் போடப்பட்ட மதிப்பீடுகள் திருப்தி தராமற்போகவே, 1968-இல் எம்.எல். தந்த்வாலா தலைமையில் நிபுணர் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. சொந்த நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் பெரும்பாலோர் பிழைக்கும் தேசத்தில் வேலையின்மை முழுவதையும் ஒற்றை எண்ணில் அடக்குவது பொருளற்றதென்றும், பிரதேசம், பால், வயது, கல்வி எனப் பிரித்தே காணவேண்டுமென்றும் அக்குழு 1970-இல் கூறியது. இளைஞர் வேலையின்மை என்ற தனிக்கணக்குக்கு வித்து அந்த வாக்கியத்தில் இருக்கிறது.

அதன் பயனாக 1972-73-இல் நடந்த 27-ஆவது சுற்றில் மூன்று அளவுகோல்கள் வந்தன: ஓராண்டைப் பார்ப்பது பழக்கநிலை, ஏழு நாட்களைப் பார்ப்பது வாரநிலை, அந்த ஏழு நாட்களில் ஒவ்வொன்றையும் இரண்டு அரைநாட்களாகப் பிரித்து, நான்கு மணி நேரம் உழைத்தால் முழுநாள், அதற்குக் குறைந்து ஒரு மணி நேரமாவது உழைத்தால் அரைநாள் எனக் குறிப்பது தினநிலை. நடவுக்கும் அறுப்புக்கும் அழைக்கப்பட்டு மற்ற நாட்களில் சும்மா இருக்கும் விவசாயக் கூலியின் துயரத்தை அளக்க இதனினும் நுட்பமான உபாயம் அக்காலத்தில் இல்லை. ஆனால் படித்த இளைஞனின் நிலை வேறு. பட்டம் பெற்றுத் தந்தையின் மளிகைக் கடையில் சம்பளமின்றிப் பொட்டலம் கட்டுபவன் கணக்கில் வேலையுள்ளவன். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டு, வேலை தேடவில்லை என்று கணக்கெடுப்பவரிடம் சொல்பவன் உழைப்பாளர் தொகையிலேயே சேரான். இருவரும் வேலையற்றோர் விகிதத்தில் இடம்பெறுவதில்லை.

ஐந்தாண்டுக்கொருமுறை நடந்த அந்தக் கணக்கெடுப்பு 2011-12-உடன் நின்று, 2017-இல் காலமுறை உழைப்பாளர் கணக்கெடுப்பு தொடங்கிற்று. 2017-18-இல் பழக்கநிலைப்படி 15 முதல் 29 வயது வரையுள்ளோரில் வேலையின்மை 17.8 சதவீதமெனத் தெரிந்தபோது தேசமே திடுக்கிட்டது. நகரத்து இளம்பெண்களிடையே அது 2011-12-இல் இருந்த 13.1-இலிருந்து 27.2 ஆக உயர்ந்திருந்தது. புதிய முறையில் பத்தாம் வகுப்புத் தேறியோர் எத்தனைபேர் என்பதை வைத்து வீடுகள் பகுக்கப்பட்டமையால் பழையதோடு நேராக ஒப்பிடலாகாதென்று சிலர் வாதித்தது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் உயர்வு முழுவதையும் அதன் தலையில் ஏற்றுவது எனக்கு ஏற்புடையதாயில்லை.

2022-23-இல் இளைஞர் விகிதம் 10 சதவீதமாயிற்று. 2017-18-க்கும் 2022-23-க்கும் இடையே, எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால், உழைப்போரில் குடும்பத் தொழிலுக்கு ஊதியமின்றி உதவுவோர் பங்கு 13.6-இலிருந்து 18.3 சதவீதமாயிற்று. முதல் எண்ணைக் கண்டு மகிழ்வோர் இரண்டாவதையும் கண்டாகவேண்டும். 2025 முதல் மாதந்தோறும் வாரநிலைக் கணக்கு வெளிவருகிறது. அவ்வாண்டு ஏப்ரலில் இளைஞர் விகிதம் 13.8. இதைப் பழக்கநிலை எண்ணோடு ஒப்பிட்டு ஏற்றம் இறக்கம் பேசுவது தவறு.

ஆகவே சர்க்கார் புள்ளிவிவர இலாகாவும் பத்திரிகைகளும் இளைஞர் விகிதத்தை வெளியிடும்போதெல்லாம் அது எந்த அளவுகோலில் எடுத்ததென்பதையும், அதே வயதினரில் ஊதியமின்றி உழைப்போர் எத்தனை, படிப்பும் வேலையுமின்றி இருப்போர் எத்தனை என்பதையும் அதே பக்கத்தில் அச்சிடவேண்டும்.